ராஜா ஒரு முறை தாவலாம்

5-7-1985, வெள்ளி

இன்றும் ஜெயம். முப்பத்தொன்பது நகர்த்தலில் ஹமீத் காலி.

ஆம்பூரில் தோல் பதனிடுகிற டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்மா முடிந்து சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்கு வந்துவிடுவான். எனக்கும் அந்த நேரத்தில் புக்கிங் வேலை இருக்காது. எழுபத்தொன்றில் ஒரு வேகனுக்காக நான்கு நாள் என் மேஜைக்கு எதிரே தவம் கிடந்த டேனரி டெஸ்பாட்ச் கிளார்க் அவன், பொழுது போகாமல் "செஸ் ஆடுவீங்களா சார்?" என்று கேட்டான். அப்படி ஆரம்பித்தது. பதினாலு வருஷம். சார் எல்லாம் எப்போதோ போய்விட்டது, நான் அவனுக்குக் கங்கா, அவன் எனக்குப் பாய். இந்தப் பதினாலு வருஷத்தில் அவன் ஜெயித்தது பத்தொன்பது ஆட்டம். அதிலும் நாலு ஆட்டம் எனக்குக் காய்ச்சல்.

"மேட்!" என்று நான் சொன்னது இரண்டாம் பிளாட்பாரம் வரை கேட்டிருக்கும். பார்சல் ஆபீஸ் வேதாசலம் எட்டிப் பார்த்து, "இன்னா பாய், இன்னிக்கும் அவுட்டா?" என்றார். ஹமீத் சிரித்துவைத்தான். காய்களைப் பெட்டியில் போடும்போது சொன்னான்: "ஞாயித்துக்கிழமை வூட்டுக்கு வா கங்கா. ஒரு ஆளக் காட்டறேன். அவன ஜெயிச்சுட்டு அப்புறம் கத்து."

யார் அந்த ஆள்? வாணியம்பாடியில் யாரையாவது பிடித்திருப்பான். வரட்டும்.

7-7-1985, ஞாயிறு

ஆள் இல்லை. பெட்டி.

தோல் வாங்க வருகிற ஜெர்மனிக்காரர் ஒருவர் முதலாளிக்குப் பரிசாகக் கொடுத்தாராம். முதலாளிக்குச் செஸ்ஸும் தெரியாது, பெட்டியும் பிடிபடவில்லை. ஹமீதிடம் தள்ளிவிட்டார். கறுப்பாக ஒரு போர்டு, கரண்டில் ஓடுகிறது. காயை வைக்கும்போது கட்டத்தை லேசாக அழுத்த வேண்டும். அது யோசிக்கும். பிறகு ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்து எந்தக் காய் எங்கே போக வேண்டும் என்று காட்டும். அதற்குக் கை கிடையாது. அதன் காயையும் நாம்தான் நகர்த்த வேண்டும், பெரிய மனிதர் வீட்டு வேலைக்காரன் மாதிரி. எட்டு லெவல் உண்டு. ஹமீத் நாலில் வைத்தான்.

எடுத்த எடுப்பில் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியது. "இதுக்கு இன்னா அவசரம்?" என்றேன். அப்புறம் ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றிப் போட்டு ராஜாவை ஓரத்தில் ஒளித்தது. "திருட்டு ஆட்டம்" என்றேன்.

"கோட்டை கட்டறது. உலகம் பூரா இப்டித்தான் ஆடறாங்க" என்றான் ஹமீத். புத்தகம் வேறு வைத்திருந்தான்.

சரி, ஒழியட்டும். ஆடினேன். சமமாகத்தான் போனது. ஒரு நெருக்கடியில் என் ராஜாவைத் தாவ வைத்தேன். கீங் என்று கத்தியது. திரும்ப வைத்தேன். திரும்பக் கீங்.

நம் ஆட்டத்தில் ராஜா ஒரு முறை குதிரை மாதிரி தாவலாம். ஒரே முறை. அதற்கு முன்னால் செக் வாங்கியிருக்கக் கூடாது. ஒரு செக் வாங்கினாலும் தாவல் போச்சு. சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான். கோட்டையும் இல்லை, ஒளிவதும் இல்லை. ஜோலார்பேட்டையில் ரயில் டிரைவர்கள் தங்குகிற ரன்னிங் ரூமில் அத்தனை பேரும் இப்படித்தான் ஆடினார்கள். அங்கே கற்ற ஆட்டத்தைப் பார்த்து ஒரு பெட்டி கத்துகிறது.

தாவ விடாததால் நாலு நகர்த்தலில் மேட். டீ கொண்டுவந்த ஹமீதின் மனைவி ஹலீமா பீ, "அண்ணன் தோத்துட்டாரா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். ஹமீத் குனிந்து காய்களை அடுக்கினான். ஆனால் அவன் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. பார்த்தேன்.

நான் தோற்கவில்லை. அதற்குச் சட்டம் தெரியவில்லை.

8-7-1985, திங்கள்

தோற்கவில்லை.

12-7-1985, வெள்ளி

சண்டை.

மூன்று மணிக்கு வருகிறவன் நாலுக்கு வந்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். வேதாசலமும் இன்னும் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். "பாத்தீங்களா, பதினாலு வருஷமா எங்கிட்ட கத்துக்க முடியாதத பொட்டிகிட்ட கத்துக்கப் போயிருக்காரு பாய்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தமாஷ்தான். எப்போதும் சொல்வதுதான்.

ஹமீத் போர்டை விரிக்கவே இல்லை. "பத்து வருஷத்துல மனுசன் எவனும் இதுங்கள ஜெயிக்க முடியாதுன்னு அந்த ஜெர்மன்காரர் சொல்றாரு" என்றான்.

"பத்து வருஷம் கழிச்சு நடக்கறத அப்ப பாத்துக்கலாம். இன்னிக்கு நான் உயிரோடதான இருக்கேன்?"

போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பிறகு நிதானமாகச் சொன்னான். ஷிப்மென்ட் நெருக்குகிறது, வெள்ளிக்கிழமைகூட வேலை இருக்கும், வர முடியாது. கடைசியாக ஒரே ஒரு ஆட்டம். சீட்டில். தினம் காலையில் டேனரி டிரைவர் சம்பத் வேனில் சரக்கும் அதற்கான ஃபார்வர்டிங் நோட்டும் கொண்டுவருகிறான் இல்லையா, அதோடு ஒரு சீட்டில் இவன் நகர்த்தல் வரும். ரசீதோடு என் நகர்த்தல் போக வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல். நம் ஊர்ச் சட்டப்படியே.

"நான் ஜெயிச்சா, நீ என் வூட்டுக்கு வந்து பத்து பேர் முன்னால மெஷின்கூட ஆடணும். அதோட சட்டத்துல."

"தோத்தா?"

"தோத்தா போர்ட மூட்டகட்டிடலாம். எனக்கு மெஷின் போதும்."

சரி என்றேன். என்ன பயம்? பதினாலு வருஷத்தில் பத்தொன்பதே ஆட்டம் ஜெயித்தவன் அவன்.

15-7-1985, திங்கள்

முதல் சீட்டு வந்தது. சிப்பாய், ஒரு கட்டம். நானும் அதையே எழுதி அனுப்பினேன்.

சம்பத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "லவ் லெட்டரா சார்?" என்கிறான்.

2-8-1985, வெள்ளி

மூன்று மணிக்கு ஷெட் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரமாட்டான் என்று தெரியும். தெரிந்தும் எதற்குப் பார்க்கிறேன்? வேதாசலம் ஒரு ஆட்டம் ஆடலாமா என்றார். பதினோரு நகர்த்தலில் முடித்துவிட்டு அனுப்பினேன். ருசியே இல்லை.

21-8-1985, புதன்

ஹமீத் நன்றாக ஆடுகிறான். எழுதவே பிடிக்கவில்லை, ஆனாலும் உண்மை. இருபத்தெட்டு நகர்த்தல் ஆகிவிட்டது, ஒரு காயைக்கூடச் சும்மா விடவில்லை. வழக்கமாக இதற்குள் ஒரு குதிரையாவது என் வாயில் விழுந்திருக்கும். நான் வைத்த இரண்டு பொறியையும் தாண்டிப் போய்விட்டான். அவசரமே இல்லை. கோபமும் இல்லை. யாரோ போல ஆடுகிறான்.

சீட்டில் ஆடுவதால் நிறைய நேரம் கிடைக்கிறது, அதனால்தான். வீட்டுக்காரி அம்சவேணி சொல்கிறாள்: "உங்களுக்கும் அதே நேரம்தான கெடைக்குது?"

வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

3-9-1985, செவ்வாய்

விசித்திரம். இன்று அவன் மந்திரியை ஒரு கட்டம் நகர்த்தி எனக்குச் செக் கொடுத்திருக்கலாம். அந்தச் செக்கால் வேறு லாபமில்லை, ஆனால் என் ராஜாவின் தாவல் செத்திருக்கும். நம் ஊரில் ஆடுகிற எவனும் முதலில் செய்கிற காரியம் அது. ஹமீத் அதற்காகவே ஒரு சிப்பாயைப் பலி கொடுத்துச் செக் சொல்வான். செய்யவில்லை. யானையைப் பக்கத்துக் கட்டத்தில் வைத்து எழுதியிருக்கிறான்.

கவனிக்கவில்லையா? ஹமீதா?

11-9-1985, புதன்

வேண்டுமென்றே மறுபடி செக்குக்கு வழி விட்டேன். கொடுக்கவில்லை.

14-9-1985, சனி

மூன்றாவது முறை. கொடுக்கவில்லை.

தாவல் என்று ஒன்று இருப்பதே தெரியாத மாதிரி ஆடுகிறான். பதினாலு வருஷம் என்னோடு ஆடினவனுக்கு அது தெரியாமல் போகுமா? தெரியாதவன் ஒருவன்தான் உண்டு. அவன் ஹமீத் வீட்டு மேஜை மேல் இருக்கிறான்.

எழுதவே கை கூசுகிறது. ஹமீத் அப்படிச் செய்வானா?

16-9-1985, திங்கள்

செய்திருக்கிறான்.

நான் எதுவும் கேட்காமலே அம்சவேணி சொன்னாள். பஜாரில் ஹலீமா பீயைப் பார்த்தாளாம். "அவரு வந்ததும் வராததுமா உங்க வூட்டுக்காரர் அனுப்பற சீட்ட எடுத்துக்கினு அந்தப் பொட்டி முன்னால உக்காந்துடறாரு. சோறு ஆறிப்போவுது. எனக்கு ஒரே பேஜாரா இருக்கு" என்றாராம்.

இன்னாத்துக்கு இப்டி பண்ணான்? நேர்ல வந்து உக்காந்து தோத்தா இன்னா? நான் இன்னா அவன் கழுத்தையா அறுத்தேன்? ரெண்டு மாசமா சீட்டு சீட்டுன்னு உயிர வுட்டு யோசிச்சு எழுதறேன் — யாருக்கு? பட்டனுக்கா?

நாளைக் காலையில் அந்தச் சீட்டைக் கிழித்து சம்பத் கையிலேயே கொடுத்து அனுப்பப் போகிறேன்.

17-9-1985, செவ்வாய்

கிழிக்கவில்லை.

சம்பத் வேனை நிறுத்தி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. நாற்பத்தெட்டு நகர்த்தலாக நான் ஆடுவது ஹமீதுடன் இல்லை, அந்தப் பெட்டியுடன். அது நாலாம் லெவலோ எட்டாம் லெவலோ, அவனைக் கேட்டால்தான் தெரியும். நாற்பத்தெட்டு நகர்த்தலாக அது என்னை ஒன்றும் செய்ய முடியவில்லை! ஜெர்மனியில் எத்தனை இன்ஜினீயர் உட்கார்ந்து செய்தார்களோ. ஆம்பூர் கூட்ஸ் கிளார்க் கங்காதரன் ரசீது புத்தகத்தின் மேலே போர்டை வைத்துக்கொண்டு சமமாக நிற்கிறான்.

சீட்டை ஒழுங்காக எழுதி அனுப்பினேன். எனக்கு விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. வா பெட்டி, வா.

22-9-1985, ஞாயிறு

இன்று உட்கார்ந்து யோசித்ததில் ஆட்டத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று கண்ணில் பட்டது.

நான் ஜெயித்தால், பந்தயப்படி போர்டு மூட்டை கட்டப்படும். ஹமீதுக்கு மெஷின் போதும். வெள்ளிக்கிழமை என்று ஒன்று எனக்கு இனிமேல் இல்லை. நான் தோற்றால் பெட்டி மனிதனை ஜெயித்ததாக ஆகும், அதுவும் திருட்டுத்தனமாக. ஆனால் ஹமீத் சந்தோஷமாகத் திரும்பி வருவான். பத்து பேர் முன்னால் என்னை உட்கார வைப்பான், எல்லோரும் சிரிப்பார்கள், அப்புறம் பழையபடி மூன்று மணிக்கு வருவான்.

தோற்றுவிடலாமா? ஒரே ஒரு தப்பான நகர்த்தல் போதும். யாருக்கும் தெரியாது.

அவன் இல்லாத வெள்ளிக்கிழமை எப்படி இருக்கிறது என்று இந்த இரண்டு மாதத்தில் பார்த்துவிட்டேன். நன்றாக இல்லை. இதை அவனிடம் சொல்லமாட்டேன், இங்கே எழுதுகிறேன்.

23-9-1985, திங்கள்

மாட்டேன். தோற்கத் தெரியாதவன் வேண்டுமென்று தோற்றால் அசிங்கமாகத் தோற்பான். அதுவும் ஒரு பெட்டியிடம் — மாட்டேன்.

28-9-1985, சனி

தாவலுக்கு நேரம் வந்துவிட்டது.

போர்டில் காய் குறைந்துவிட்டது. அவன் ராஜா மூலையில். என் யானை அந்த ஓர வரிசைக்கு வந்தால் மேட், ஆனால் அவன் தப்பிக்கிற கட்டங்களை என் ராஜா பக்கத்தில் நின்று அடைக்க வேண்டும். நடந்து போனால் இரண்டு நகர்த்தல். அதற்குள் அவன் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய், நம் சட்டப்படி அந்த வரிசைக்கு உரிய யானையாகிவிடும், என் கதை முடிந்தது. பெட்டி இதை நன்றாக எண்ணிப் பார்த்திருக்கிறது. அதனால்தான் இன்றைய சீட்டில் தைரியமாக அந்தச் சிப்பாயைத் தள்ளியிருக்கிறது.

குதிரையால் எனக்கு ஒரு செக் சொல்லி என் தாவலைக் கெடுத்திருக்கலாம். சொல்லவில்லை.

ரசீதின் பின்னால் எழுதினேன்: ராஜா தாவல். நீ எதை நகர்த்தினாலும் அடுத்தது மேட்.

சம்பத் போன பிறகும் வேன் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷம்தான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

30-9-1985, திங்கள்

ஃபார்வர்டிங் நோட் மட்டும் வந்தது. சீட்டு இல்லை.

1-10-1985, செவ்வாய்

இல்லை.

3-10-1985, வியாழன்

இல்லை. சம்பத்தைக் கேட்டேன். "பாய் ஒண்ணும் குடுக்கல சார். மொகமே செரியில்ல" என்றான்.

வேதாசலத்திடம் ஜெயித்ததைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்லாமல் இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

4-10-1985, வெள்ளி

ஜும்மா முடிகிற நேரம் பார்த்து அவன் வீட்டுக்குப் போனேன். ஹலீமா பீ கதவைத் திறந்து, "வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பெட்டி மேஜை மேலே இருந்தது. கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தான்.

திட்டுவதற்கென்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். ஹமீத் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எப்ப தெரிஞ்சுது?" என்றான்.

"நீ செக் குடுக்காதப்ப."

தலையை ஆட்டினான். "கோட்டை கட்டச் சொன்னா அத நிறுத்திட்டு வேற லெவல்ல கேப்பேன். சிப்பாய ரெண்டு கட்டம் தள்ளச் சொன்னாலும் அப்டித்தான். ஆனா உன் ராஜா தாவும்னு அதுக்கு எப்டி சொல்றது? அதுக்குப் பட்டனே இல்ல."

"அதுக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமே பாய்."

"தெரியும். கடேசி சீட்டு எழுதும்போது குதிரைய வெச்சு ஒரு செக் குடுன்னு கை சொல்லிச்சு. வெளக்கு சிப்பாய்ல எரிஞ்சுது. நான் வெளக்க நம்பிட்டேன்."

இன்னாத்துக்கு இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். பிடுங்கின ஒயரைக் கையில் சுற்றினான். பிறகு பேசினான். அவன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நீ வாய மூடிக்கினு இருக்கறத பாக்கணும்னு நெனச்சேன். இந்தப் பொட்டியும் என்ன தெனமும் தோக்கடிக்குது கங்கா. நாலாவது லெவல்லகூட எனக்குத் தாங்கல. ஆனா அது ஜெயிச்சா ஒரு சின்ன வெளக்கு எரியும், அவ்ளோதான். சிரிக்காது. வேதாசலத்தக் கூப்டு சொல்லாது."

எனக்குப் பதில் வரவில்லை. எனக்கு! பதினாலு வருஷத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் கத்தினதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து காதில் விழுந்த மாதிரி இருந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கஷ்டம், ஒரு பெட்டி என்னைவிட நல்ல தோஸ்தாக இருந்திருக்கிறது.

அவனே எழுந்து போய்ப் பழைய போர்டை எடுத்து என் முன்னால் வைத்தான். "எடுத்துக்கினு போ. தோத்துட்டேன். பந்தயம் பந்தயம்தான்."

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "எந்தப் பந்தயம்? நீ தோத்தாதான போர்ட மூட்டகட்டணும்? நீ எங்க தோத்த? நீ ஆடவே இல்லயே பாய். அம்பத்தேழு நகர்த்தல்ல ஒண்ணுகூட உன்னுது இல்ல. தோத்தது அது. ஒன்ன நான் இன்னும் ஜெயிக்கவே இல்ல."

"வக்கீல் மாதிரி பேசாத."

"அதுகூட பந்தயம் கட்டியிருந்தா அது மூட்ட கட்டட்டும். நமக்கு பாக்கி இருக்கு."

உள்ளே ஹலீமா பீ சிரிக்கிற சத்தம் கேட்டது. ஹமீத் சிரிக்கவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. போர்டை அவன் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை.

11-10-1985, வெள்ளி

நாலு மணி வரை பார்த்தேன். வரவில்லை.

18-10-1985, வெள்ளி

மழை. வரவில்லை.

25-10-1985, வெள்ளி

மூன்றே கால். குடையை உதறிக்கொண்டு வந்து நின்றான். கையில் போர்டு.

பத்தாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைப் பலி கொடுத்து எனக்குச் செக் சொன்னான். என் தாவல் போச்சு. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தச் செக்கும் வாங்கினதில்லை.

ஆனாலும் ஜெயித்தேன். ஜெயிக்காமல் விடுவேனா? மேட் என்று சொன்னேன், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. வேதாசலம் வெளியிலிருந்து, "இன்னா, இன்னும் முடியலயா?" என்றார். முடிஞ்சுது, டீ சொல்லுங்க என்றேன். யார் ஜெயித்தது என்று அவர் கேட்டார், நான் சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே வலித்தது.

14-3-1986, வெள்ளி

பெட்டியை அதன் சட்டத்திலேயே ஜெயித்தேன்! ஐந்தாம் லெவல்!

நாலு மாதமாக வெள்ளி தவறாமல் இரண்டு ஆட்டம்: ஷெட்டில் ஹமீதுடன் நம் ஆட்டம், அப்புறம் அவன் வீட்டில் பெட்டியுடன் உலக ஆட்டம். கோட்டை கட்டக் கற்றுக்கொண்டேன். ஹமீத்தான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தான். ஆனால் ஜெயித்தது கோட்டையால் இல்லை. சிப்பாயை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, அதன் சிப்பாயோடு முட்ட வைத்து, போர்டையே அடைத்துவிட்டேன். நமக்கு இது பழக்கம்தானே. அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மந்திரியை முன்னே வைத்தது, பின்னே வைத்தது. நான் பொறுமையாக ஒரு பக்கம் எல்லாக் காயையும் கொண்டுபோய்ச் சேர்த்து உடைத்தேன்.

மேட் என்று கத்தினேன். பெட்டியிடம் கத்தலாம், அதற்குக் காது இல்லை. ஹமீதும் கத்தினான். ஹலீமா பீ என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

3-7-1987, வெள்ளி

எட்டாம் லெவல் டிரா. அது ஒரே ஒரு நகர்த்தலுக்கு முக்கால் மணி நேரம் எடுத்தது. நடுவில் கரண்ட் போயிருந்தால் அழுதிருப்பேன்.

ஷெட்டில் ஹமீத் ஜெயித்தான். இந்த வருஷத்தில் இது ஏழாவது. பெட்டியிடம் தினமும் அடிவாங்கி அடிவாங்கித் தேறிவிட்டான். வேதாசலத்தைக் கூப்பிட்டு நானே சொன்னேன், பாய் ஜெயிச்சுட்டாரு என்று. இரண்டாம் பிளாட்பாரம் வரை கேட்கிற மாதிரியே சொன்னேன்.

26-8-1988, வெள்ளி

ஜெர்மனிக்காரர் புதுப் பெட்டி கொண்டுவந்திருக்கிறார். மெல்லிசாக, அழகாக. முதல் ஆட்டம் இருபத்திரண்டு நகர்த்தல்.

ஜெயம் எனக்கில்லை, அதற்கு.

28-10-1988, வெள்ளி

அடைத்துப் பார்த்தேன். இது அடைக்க விடுவதில்லை. ஒன்பது ஆட்டம், ஒன்பதும் போச்சு. டிராகூட இல்லை. அடைக்கிற இடம் எதுவென்று எனக்கு முன்னாலேயே அதற்குத் தெரிந்துவிடுகிறது. ராஜா தாவுகிற ஆட்டம் என்றால் ஒரு கை பார்ப்பேன். ஆனால் அப்படி ஜெயித்தால் ஜெயமா? அதன் வீட்டில், அதன் சட்டத்தில் ஜெயிக்க வேண்டும்.

அம்சவேணி கேட்கிறாள்: "தெரிஞ்சே இன்னாத்துக்குப் போறீங்க?"

9-12-1988, வெள்ளி

வேதாசலம் பேப்பரைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் ஒரு கிராண்ட்மாஸ்டரையே ஜெயித்துவிட்டதாம். "முடிஞ்சுது சார். கிராண்ட்மாஸ்டருக்கே இந்த கதின்னா, நீங்க இன்னாத்துக்கு இன்னும் அது முன்னால போயி உக்கார்றீங்க?"

ஜோலார்பேட்டையில் தண்டவாளத்திலிருந்து இறங்கின வேகனைத் தூக்குகிற கிரேன் இருக்கிறதே, அது நூறு பயில்வானை ஒரே தூக்கில் தூக்கும், அதுக்காக ஊரில் குஸ்தியை நிறுத்திவிட்டார்களா என்று கேட்டேன். "குஸ்திக்காரன் யாரும் கிரேன்கூட மோதறதில்லயே சார்" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் நான் மோதுவேன். என் கை, என் காய், என் வெள்ளிக்கிழமை.

சாயங்காலம் ஹமீத் வீடு. பதினாறாவது ஆட்டம். நாற்பத்தோரு நகர்த்தல் நின்றேன். யானைக்கு யானை, குதிரைக்குக் குதிரை. முப்பதாவது வரை அது ஜெயிக்கும் என்று ஹமீதும் நினைக்கவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். பிறகு ஒரு சிப்பாய் போனது. ஒன்றுதான். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அது என்னை முடித்துவிட்டது.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். அதற்குள் ஹமீத் என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்: "போன வாரம் முப்பத்தி மூணு. இன்னிக்கு நாப்பத்தொண்ணு."

பிறகு அவர்களைப் பார்த்து, "இன்னும் முடியல, அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டான்.

தோற்ற இடத்தை விட்டு எழுந்து போகாமல் இருக்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று இந்த மூன்று மாதமாகத்தான் எனக்குத் தெரிகிறது. இவன் பதினாலு வருஷம் அதைச் செய்திருக்கிறான், வெள்ளி தவறாமல், நான் கத்துவதையும் கேட்டுக்கொண்டு. எங்கள் இருவரில் பெரிய ஆட்டக்காரன் யார் என்று யாராவது கேட்டால் இனிமேல் என்னால் பொய் சொல்ல முடியாது. இதை அவனிடம் சொன்னேன். இந்தத் தடவை சொல்ல வந்தது. "போடா, காய அடுக்கு" என்றான்.

அடுக்கினோம். வெள்ளை அதற்கு. கொஞ்ச நேரம் யோசித்துச் சிவப்பு விளக்கைப் போட்டது. ஹமீத் அதற்காகச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி வைத்தான். நான் என்னுடையதை ஒரு கட்டம் தள்ளினேன்.